தியோடர் சுட்ட மரவாத்துகள்

பெங்களூர் காக்ஸ் டவுன் தியோடர் சுட்ட மரவாத்து சாகாது, இரண்டாகும். அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தக்காளி விலை, தண்ணீர் லாரி வரும் நேரம் இரண்டையும் பேசி முடித்த பிறகு பொழுது மிச்சமிருந்தால்தான் பேச்சு இதற்கு வரும். குண்டு பட்டதும் வாத்து சிவந்த பஞ்சு போல ஒரு கணம் காற்றில் கலையும். மறு கணம் அந்தப் பஞ்சு இரண்டு வாத்துகளாகக் கூடிக்கொள்ளும். இரண்டும் ஒரே அளவு, ஒரே பழுப்பு, முகத்தில் ஒரே எரிச்சல். எது பழையது, எது புதியது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, முகர்ந்து பார்த்தால் தெரியும். புதியதன் இறகில் சில வாரங்களுக்குத் தீபாவளி விடியற்காலையின் வாசனை இருக்கும்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் முனியப்பன கெரே என்று ஒரு சின்ன ஏரி இருக்கிறது. பெயர் கன்னடம், கரையில் பேச்சு தமிழ். ஏரிக்கு இதில் எந்தச் சிரமமும் இருந்ததில்லை. மரவாத்து அந்த ஏரியின் பறவை. கோழியைவிடச் சிறியது, மற்ற வாத்துகள் போலக் கத்தாமல் டிராஃபிக் போலீஸ்காரர் மாதிரி சீழ்க்கை அடிக்கும், தரையில் கூடு கட்டாமல் கரையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் பொந்துகளில் முட்டையிடும். தியோடரின் அப்பா அந்த வட்டாரத்திலேயே பெயர் பெற்ற துப்பாக்கிக்காரர். வாத்து சுட லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மகனுக்குப் பதினேழு வயது ஆனதும் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை அவன் கையில் கொடுத்து ஏரிக்கு அழைத்துப் போனார். மகன் சுட்டான். வாத்து இரண்டாயிற்று. அப்பா துப்பாக்கியை வாங்கிக் குழலுக்குள் பார்த்தார், துடைத்தார், திருப்பிக் கொடுத்தார். மகன் மறுபடி சுட்டான். மறுபடி அதுவே நடந்தது. "குறி சரியாத்தான் இருக்கு, உன்கிட்டதான் ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. சில வருஷங்களில் இறந்தும் போனார். துப்பாக்கி வேறு யாருக்கும் வேண்டாததால் தியோடருக்கு வந்தது.

இத்தோடு நின்றிருந்தால் தியோடர் துப்பாக்கியைப் பரணில் போட்டுவிட்டு, தான் வேலை பார்த்த தொலைபேசித் தொழிற்சாலையில் நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பார். ஆனால் அவர் பெட்டி என்ற பள்ளிக்கூட டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டார், பெட்டிக்கு லாயிட் என்று ஓர் அண்ணன் இருந்தார். லாயிட் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். பச்சைக்கொடி காட்டும் வேலையில் இருந்தாலும் வாழ்க்கையில் யாருக்கும் எதற்கும் சம்மதம் சொல்லிப் பழகாதவர். கல்யாண விருந்தில், மாமனார் வீட்டு மேசையில் வாத்து ரோஸ்ட் வைத்திருந்தார்கள். புது மாப்பிள்ளை கை நீட்டியபோது லாயிட் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். "கடையில வாங்குன வாத்த எவன் வேணா தின்னுட்டுப் போவான் மாப்ள. நீ சுட்ட வாத்த ஒரு நாள் இந்த டேபிள்ல வை. அன்னிக்கு உன்ன வேட்டைக்காரன் வீட்டுப் புள்ளைனு ஒத்துக்கறேன்." மேசை முழுக்கச் சிரித்தது. தியோடர் கையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, தான் சுட்ட வாத்தைத் தவிர வேறு வாத்தைத் தொடமாட்டேன் என்று சொன்னார். அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. தியோடர் இன்னும் வாத்து தின்றதில்லை.

சனிக்கிழமை தவறாமல் அவர் ஏரிக்குப் போனார். முதல் நாள் இரவே மிளகும் வினிகரும் இடித்த பூண்டும் கலந்து வைக்கும்படி பெட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் போவார், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் இந்த முறை விழுந்துவிடும் என்று மனதார நம்பினார். நாக்கில் எச்சில் ஊற, குறி வைத்துச் சுடுவார். வாத்து இரண்டாகும். அந்த மசாலாவில் பெட்டி உருளைக்கிழங்கைப் போட்டு வதக்கிவிடுவார். இப்படி வாத்துகள் பெருகிய வேகத்துக்கு மரப்பொந்துகள் பெருகவில்லை. குண்டில் பிறந்த வாத்துக்குப் பொரித்து வெளிவந்த பொந்து என்று ஒன்று கிடையாது, அதனால் எங்கே முட்டையிடுவதென்று தெரியாமல் பழைய வாத்துகளின் பொந்து வாசலில் நின்று சண்டை பிடிக்கும். தபால் பெட்டியிலும், நிறுத்தி வைத்த ஸ்கூட்டரின் டிக்கியிலும், ஒரு தடவை பேண்டு வாத்தியக் குழுவின் பெரிய ஊதுகுழலுக்குள்ளும் முட்டை கிடந்தது. தேவாலயத்தில் பழைய பெஞ்சுகளை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்ட வருஷம், பெட்டி அந்தப் பலகைகளைக் கேட்டு வாங்கினார். வாத்து நுழையும் அளவு ஓட்டை வைத்துக் கூடுப்பெட்டிகள் செய்யச் சொல்லி, உள்ளே மரத்தூளைப் பரப்பி, கரையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார். பிரசங்க நேரத்தில் பையன்கள் பிளேடால் கீறிய பெயர்கள் அந்தப் பெட்டிகளின் மேல் இன்னும் இருக்கின்றன. பொரித்த மறுநாள் குஞ்சுகள் கூடுப்பெட்டியின் வாசலுக்கு வந்து ஒவ்வொன்றாகக் கீழே குதிக்கும். முனியப்பன கெரேயின் குஞ்சுகள் அவசரம் இல்லாதவை. ஒரு குஞ்சு மரத்திலிருந்து தரைக்கு வந்து சேர, கீழே நிற்பவர் ஒரு டம்ளர் காபியை ஆற்றிக் குடித்துவிடலாம். அந்த நாட்களில் ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டு, தலைக்கு மேல் மிதக்கும் குஞ்சுகளில் எது முதலில் இறங்கும் என்று ஒருவரோடு ஒருவர் பந்தயம் கட்டுவார்கள்.

வாத்து சுடுவது குற்றம் என்று சட்டம் வந்த பிறகும் தியோடரின் சனிக்கிழமைகள் தொடர்ந்தன. ஒரே ஒரு தடவை அவர் மேல் வழக்குப் போட்டார்கள். கொல்லப்பட்ட பறவை எங்கே என்று நீதிபதி கேட்டார். வனக்காவலர் உயிருள்ள இரண்டு வாத்துகளைக் கூடையில் கொண்டுவந்து வைத்தார். அவை சீழ்க்கை அடித்தன. பொதுமக்களில் யாரோதான் அடிக்கிறார்கள் என்று நினைத்து நீதிபதி பின்வரிசை முழுவதையும் வெளியே அனுப்பினார். அனுப்பிய பிறகும் சீழ்க்கை நிற்காததால் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். அதன்பின் துப்பாக்கிக்கு வந்த ஒரே இடைஞ்சல் தேர்தல்தான். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிக்கும்வரை வாத்துகள் பெருகாது.

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் வருஷம் கோடையில் பெங்களூரில் தண்ணீர் இல்லாமல் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். முனியப்பன கெரே அடிச்சேறு வரை காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, கடைசியில் அங்கே பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். வாத்துகள் ஒரு நாள் காலை கூட்டமாக எழுந்து, நகரத்தை ஒரு சுற்றுச் சுற்றிச் சீழ்க்கை அடித்துவிட்டுத் தெற்கே போய்விட்டன. அப்போது தேர்தல் நேரம் என்பதால் தியோடரின் துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தது. அவர் வெறுங்கையோடு கரையில் நின்று அவை போவதைப் பார்த்தார். தேர்தல் முடிந்தது, மழை வந்தது, ஏரி நிறைந்தது. மறு வருஷமும் நிறைந்தது. வாத்துகள் வரவில்லை. தியோடர் துப்பாக்கியைத் திருப்பி வாங்கப் போகவே இல்லை. "ஏன் சார், பந்தூக்கு பேடவா, வேணாமா? ஒட்டடை புடிச்சுக் கெடக்குது, ஸ்வல்ப எடுத்துட்டுப் போங்க" என்று ஸ்டேஷன் ரைட்டர் வழியில் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். தியோடர் தலையை ஆட்டிவிட்டு நடப்பார். சனிக்கிழமைகளில் பெட்டி வழக்கம் போல மசாலா அரைத்தார். தியோடர் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்கு ஏழு கழுதை வயதாகிவிட்டது என்று லாயிட் சொன்னார். சொல்லிவிட்டு, மசாலாக் கிண்ணத்தை லாயிட்டே மெல்லத் தியோடர் பக்கம் தள்ளினார்.

அந்த வருஷம் நவம்பரில் ஒரே ஒரு ஜோடி மரவாத்து திரும்பி வந்தது. அதே வாரத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த உயரமான அடுக்ககத்துக்கு வழி வேண்டுமாம், ஏரியில் பாதியைத் தூர்த்துச் சாலை போடலாமா என்று மேலே யோசிக்கிறார்களாம். ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வரும். அப்போது ஏரியில் பறவைகள் கணிசமாக இருந்தால் அது ஏரி, இல்லாவிட்டால் அது தண்ணீர் தேங்கிய காலி மனை. இதைக் கேட்டதும் முதலில் படுக்கையில் விழுந்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சீனிவாசராகவன். அவர் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று, ஏரியைப் பார்த்த பால்கனிக்காகவே மூன்றாவது மாடியில் வீடு வாங்கியவர். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். மறுநாள் காலை எழுந்து, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இட்டுக்கொண்டு, தியோடர் வீட்டுக் கேட்டைத் திறந்தார்.

"சார், நான் சுத்த சைவம். எறும்பைப் பார்த்தாலும் சுத்திண்டு போறவன். என் வாயால இதைச் சொல்ல வேண்டியிருக்கு பாருங்கோ. அந்த ரெண்டு வாத்தையும் தயவு பண்ணிச் சுடுங்கோ."

"எனக்கு இப்பல்லாம் மனசு இல்ல சார்" என்றார் தியோடர்.

"உங்களுக்கு மனசு வேண்டாம் சார், குறி இருந்தாப் போதும்."

மனசு இல்லை என்ற இந்தப் பேச்சை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சங்கம் கூடிப் பேசியது. அந்தப் பகுதியின் வன அதிகாரி ஃபாத்திமா சிவாஜி நகரில் பிறந்து வளர்ந்தவர், சிறு வயதில் இதே மரங்களுக்குக் கீழே நின்று குஞ்சுகள் இறங்குவதைப் பார்த்தவர். அவர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டு, தோட்டா மூலம் பறவையினத்தைப் பெருக்குவதற்குச் சிறப்பு அனுமதி வாங்கிவந்தார். சுடப்பட்ட பறவை உயிரோடு இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இரண்டு பக்கத்துக்கு இருந்தது. இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. ஸ்டேஷன் ரைட்டர் துப்பாக்கியை ஒட்டடை தட்டிக் கொடுத்தார். ஐம்பது வருஷத்தில் முதல் முறையாக ஓர் ஊரே தன் துப்பாக்கிக்காகக் காத்திருக்கிறது என்று தியோடருக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. நல்ல காரியத்துக்குத்தானே என்று பெட்டியிடம் சொன்னார். அன்றைக்கு மசாலா கலந்து வைக்கச் சொல்ல மறந்துபோனார். பெட்டி அதைக் கவனித்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை காலை கரையில் ஷாமியானா போட்டிருந்தார்கள். காக்ஸ் டவுன் தமிழ்க் கிறிஸ்தவர்கள் புதிதாக எதை வாங்கினாலும், எதைத் தொடங்கினாலும் ஜெபம் பண்ணித்தான் தொடங்குவார்கள். ஸ்கூட்டருக்கு ஜெபம் உண்டு, ஃப்ரிட்ஜுக்கு உண்டு, மிக்ஸிக்கு உண்டு. துப்பாக்கிக்கு மட்டும் இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. பாஸ்டர் ஜெயராஜ் அன்றைக்கு அந்தக் குறையைத் தீர்த்தார். துப்பாக்கியின் மேல் கை வைத்து, "கர்த்தாவே, இந்த ஆயுதத்தை ஜீவனுக்கென்று அர்ப்பணிக்கிறோம். இதைப் பிடிக்கிற உமது ஊழியக்காரனுடைய இருதயத்திலிருந்து எல்லா இச்சையையும் எடுத்துப்போட்டு, அன்பினால் நிரப்பும்" என்று உருக்கமாக ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள், சீனிவாசராகவனும் சொன்னார். பிறகு டிபன் வந்தது. இட்லி, வடை, காரா பாத், கேசரி பாத், வடைக்கு மேல் இன்னொரு வடை. தியோடருக்கு ஆளாளுக்கு ஊட்டாத குறை. வயிறு நிறைந்து, நெஞ்சு நிறைந்து, கண் கலங்க, அவர் துப்பாக்கியைத் தூக்கினார். தண்ணீரில் இரண்டு வாத்துகளும் சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தன. பிழைத்துப் போங்கள் பிள்ளைகளே என்று மனதுக்குள் சொல்லி, விசையை அழுத்தினார்.

பஞ்சு பறக்கவில்லை. ஒரு வாத்து தலை கவிழ்ந்து, துணி மூட்டை போலத் தண்ணீரில் மிதந்தது. மற்றொன்று எழுந்து, மரத்தில் போய் உட்கார்ந்து, சீழ்க்கை அடிக்காமல் இருந்தது.

"அங்கிள்" என்றார் ஃபாத்திமா. "நெஜமாவே செத்துப்போச்சா? மேல ஆபீஸுக்கு நான் என்ன ஜவாப் சொல்றது?" ஃபாத்திமா அனுமதிக் கடிதத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். அதில் இறந்த பறவையே இல்லை. "நான் திரும்பி நின்னுக்கறேன். திரும்பறப்ப தண்ணில எதுவும் இருக்கக் கூடாது. இல்லாததை நான் எழுத முடியாது, ஆமா." அவர் ஷாமியானாவைப் பார்த்துத் திரும்பி நின்றார். எழுபது வயதைத் தாண்டிய லாயிட் முழங்கால் வரை பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஏரியில் இறங்கி, வாத்தை எடுத்துவந்து பெட்டியின் கூடையில் போட்டார்.

அந்த வாரம் காக்ஸ் டவுன் இரண்டாகப் பிரிந்தது. ஜெபத்தினால்தான் இப்படி ஆயிற்று என்று சங்கத்தில் பாதிப் பேர் சொன்னார்கள். கேசரி பாத்தினால்தான் என்று தேவாலயத்தில் பாதிப் பேர் சொன்னார்கள். தோட்டா பழையது என்று சொன்னவர்களும் உண்டு, அவர்களை இரு பக்கமும் சேர்த்துக்கொள்ளவில்லை. தியோடர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாழ்க்கை முழுக்கக் கொல்ல முயன்று ஒன்றைக்கூடக் கொல்லாதவர், காப்பாற்றப் போய்க் கொன்றுவிட்டார். கடைசியில் பெட்டி கதவைத் தள்ளித் திறந்து கட்டிலில் உட்கார்ந்தார். முப்பது வருஷம் நான்காம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர், ஒரு விஷயத்தை ஒரு தடவைக்கு மேல் சொல்லமாட்டார்.

"ஏங்க, இத்தனை வருஷமா அதத் திங்கணும்னு சுட்டீங்க, அது ரெண்டாச்சு. அன்னிக்கு அது பொழைக்கட்டும்னு சுட்டீங்க, செத்துப்போச்சு. இதுல பாஸ்டர் எங்க வந்தாரு, கேசரி எங்க வந்துச்சு? உங்க ஆசைதான் அதுங்களுக்குத் தீனி. இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு. போய் ஆசையா சுடுங்க."

"எப்படி பெட்டி ஆசைப்படுறது? செத்தது ஃப்ரீசர்ல கெடக்கு. நான் சுட்டது. நானே சுட்டது. கிறிஸ்துமஸுக்கு மச்சான் முன்னாடி அதத் தின்னுட்டா என் ஆசை முடிஞ்சுபோச்சு."

"அதான் சொல்றேன்" என்றார் பெட்டி.

தியோடர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். விஷயம் அப்போதுதான் அவருக்கு முழுசாகப் புரிந்தது. ஏரியில் இருப்பது ஒரே வாத்து. அவர் பசி குறைந்து சுட்டால் அதுவும் செத்துவிடும், ஏரியும் போய்விடும். சுடாமல் இருந்தால் ஜனவரியில் ஒரே வாத்தை எண்ணிவிட்டு ஏரியைத் தூர்த்துவிடுவார்கள். கல்யாண நாளிலிருந்து காத்திருந்த வாத்து சமையலறையில் பனி பூத்துக் கிடக்கிறது, அதைத் தின்னாமல் இருந்தால்தான் மற்றதைக் காப்பாற்றும் அளவுக்கு அவருக்குப் பசி இருக்கும். அவர் எழுந்து போய் ஃப்ரீசரைத் திறந்து, கொஞ்ச நேரம் குளிரில் நின்று அதைப் பார்த்துவிட்டு, மூடினார். "அத சமைச்சுடு" என்றார். "நல்லா சமைச்சுடு. வாசம் வரணும்."

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து மத்தியானம் மேசை போட்டார்கள். பெட்டி தன் வாழ்நாளில் அரைத்து வீணாக்கிய மசாலா அத்தனைக்கும் சேர்த்து அன்று ஒரு மசாலா அரைத்திருந்தார். மிளகும் வினிகரும் பட்டையும் நெய்யில் பொரிந்த வெங்காயமும் கலந்த வாசனை ஜன்னல் வழியாகத் தெருவில் இறங்கி, ரயில் பாதையைத் தாண்டி ஏரிவரை போயிற்று. பெங்களூர் கிழக்கு ரயில் ஸ்டேஷனில் நிற்கக் கூடாத ஒரு ரயில் அதன் பொருட்டு ஒரு நிமிஷம் நின்று போனது. அந்த நேரத்தில் கேட்டில் சீனிவாசராகவன் நின்றிருந்தார், ஒரு கையில் முட்டையில்லாத கேக், மறு கையில் மூக்கை மூடிய கைக்குட்டை. "சார், ஹாப்பி கிறிஸ்துமஸ். நான் இதைக் கேட்கிற பாவத்தைப் பெருமாள் மன்னிக்கணும். நீங்க ஆசைப்படணும் சார், ஆனா சாப்பிடப்படாது. ரெண்டும் ஒரே நேரத்துல முடியுமோ?" தியோடர் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் மேசையின் கடைசியில் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, தான் கொண்டுவந்த கேக்கையே தின்றார்.

வாத்து மேசைக்கு வந்தது. வதங்கிச் சுருங்கி ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. லாயிட் எழுந்து நின்றார். "ஒத்துக்கறேன் மாப்ள" என்றார். "வேட்டைக்காரன் வீட்டுப் புள்ளதான் நீ." சொல்லிவிட்டு, ஒரு தொடையைப் பிய்த்துத் தியோடர் தட்டில் வைத்தார். தியோடர் அதை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். அவர் தொண்டை ஏறி இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த சீனிவாசராகவனுக்குக்கூட அது கேட்டது. பிறகு அவர் அந்தத் தொடையை லாயிட்டின் தட்டில் வைத்துவிட்டு, கையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "நீ தின்னு மச்சான். தின்னுட்டு எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லு."

லாயிட் தின்றார். வாத்து காய்ந்த செருப்பு போல இருந்தது. கடித்த இடத்தில் ஏரிச் சேற்றின் நாற்றம் வந்தது, மசாலாவால் அதை மறைக்க முடியவில்லை. அவருடைய பல் செட் ஒரு பக்கம் கழன்றுகொண்டது. பெட்டியும் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். வாழ்க்கை முழுக்க மாப்பிள்ளையை வார்த்தையால் குத்திப் பழகிய லாயிட், தன் கலை அத்தனையையும் திரட்டிக்கொண்டு கண்ணை மூடினார். "ஐயோ மாப்ள" என்றார். "வெண்ணெய் மாதிரி கரையுது. பல்லே வேணாம்பா, நாக்கு போதும். அந்தத் தோல் இருக்கே, மொறுமொறுன்னு, உள்ள சாறு... பெட்டி, அந்த எலும்பக் குடு, உறிஞ்சிடறேன். உனக்குக் குடுத்து வைக்கல மாப்ள, சத்தியமா குடுத்து வைக்கல." அவர் கடைசி எலும்புவரை தின்றார். இடையிடையே கண்ணில் நீர் வந்ததை ருசியின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். தியோடர் வெறும் சோற்றையும் ஊறுகாயையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார். அவருக்கு வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலை கரையில் ஷாமியானா இல்லை, டிபன் இல்லை. பாஸ்டர் ஜெயராஜ் வந்திருந்தார், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று பெட்டி சொல்லியிருந்ததால் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். ஃபாத்திமா எதற்கும் தயாராக ஏற்கெனவே திரும்பி நின்றிருந்தார். பெட்டி முந்தின நாள் ரோஸ்ட் செய்த சட்டியைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து, தியோடரின் மூக்குக்குக் கீழே மூடியைத் திறந்து பிடித்தார். லாயிட் காதருகே நின்று, "தோலு மாப்ள, அந்தத் தோலு" என்று முணுமுணுத்தார். ஒற்றை வாத்து தண்ணீருக்கு நடுவில் இருந்தது. ஜோடி செத்த நாளிலிருந்து அது சீழ்க்கை அடிக்கவில்லை. தியோடர் துப்பாக்கியைத் தூக்கினார். அவருக்கு ஏரி மறந்தது, சாலை மறந்தது, சுற்றி நின்றவர்கள் மறந்தார்கள். உலகத்தில் அந்த வாத்தும் அவர் நாக்கும் மட்டும் இருந்தன. அவர் சுட்டார்.

சிவந்த பஞ்சு பறந்தது. அது வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் கூடுதலாகக் காற்றில் நின்றதாகச் சிலர் சொல்கிறார்கள். பிறகு இரண்டு வாத்துகள் தண்ணீரில் விழுந்து, ஒன்றையொன்று எரிச்சலோடு பார்த்துக்கொண்டு, ஒரே நேரத்தில் சீழ்க்கை அடித்தன. சீனிவாசராகவன் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "திரும்பலாமா?" என்று ஃபாத்திமா கேட்டார். "போச்சு மாப்ள, தப்பிச்சிடுச்சு, நீ உருப்பட மாட்ட" என்றார் லாயிட், பல் செட் முழுவதும் தெரியச் சிரித்துக்கொண்டு. தியோடருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அவர் துப்பாக்கியை மடக்கி, சூடான தோட்டாக்களை எடுத்துவிட்டு, வேறு இரண்டு போட்டார்.

பொங்கல்வரை அவர் தினமும் போனார். கணக்கெடுக்க வந்தவர்கள் பைனாகுலரை இறக்கிவிட்டு, எண்ணுவது கஷ்டம் என்று 'மிக அதிகம்' என்று எழுதிக்கொண்டு போனார்கள். பட்டாசு வாசனை ஏன் வருகிறது என்று அவர்களில் ஒருவர் கேட்டதற்கு, பக்கத்தில் கல்யாணம் என்று ஃபாத்திமா சொன்னார். சாலை வேறு பக்கமாகப் போனது. தேவாலயத்தில் மிச்சமிருந்த பெஞ்சுகளும் கூடுப்பெட்டிகளாயின. ஒரு கூடுப்பெட்டியைச் சீனிவாசராகவன் தன் மூன்றாவது மாடிப் பால்கனியிலேயே கட்டிக்கொண்டார். அங்கிருந்து குதிக்கும் குஞ்சுகள் தரைக்கு வந்து சேர ஒரு முழுக் காலைப்பொழுது ஆகிறது, முதல் மாடிக்காரர்கள் துணி காயப்போடும்போது அவற்றைக் கையால் மெல்ல ஒதுக்கிவிடுகிறார்கள். வாத்துக் கறியின் உண்மையான ருசியை லாயிட் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து அந்தக் கிறிஸ்துமஸ் வாத்தை முதலிலிருந்து வர்ணித்துவிட்டுப் போகிறார், ஒவ்வொரு முறையும் அதில் நெய் கொஞ்சம் கூடுகிறது.

இப்போது ஏரிக்கரையில், நடைபாதை தொடங்கும் இடத்தில், சங்கம் ஒரு பலகை வைத்திருக்கிறது. மேலே கன்னடத்திலும் நடுவில் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. தமிழில் வேண்டும் என்று பெட்டி கேட்டு, தன் கையாலேயே கீழே எழுதினார். வாத்துகளுக்குப் பொரி போடக்கூடாது, திரு. தியோடர் அவர்களுக்கு வாத்துக் கறி கொடுக்கக்கூடாது. புதிதாகக் குடிவந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, ஏரி என்றால் ஏதாவது விதி இருக்கத்தான் செய்யும் என்று நடையைத் தொடர்கிறார்கள். சனிக்கிழமை காலைகளில் தியோடரும் அதன் முன்னால் நிற்பார். வாத்துக் கறி என்ற இடம் வந்ததும் கொஞ்சம் நின்று, மறுபடி படிப்பார். வாயில் எச்சில் ஊறும். பிறகு துப்பாக்கியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் இறங்குவார்.